பன்றிக் காய்ச்சல்: பார்க்க வேண்டியது மூச்சை

ஐப்பசி மழை தொடங்கியதும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருத்தர் எனக்கு போன் போட்டுவிடுவார்கள். "உங்க அத்தானுக்கு அன்னைக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்கல்லா, அது பேரு என்ன?" இதுதான் கேள்வி. பன்றிக் காய்ச்சலுக்கான மருந்து அது, பேரைச் சொல்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஓசெல்டாமிவிர், டாமிஃப்ளூ என்று சொன்னால் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் பேரை மட்டும் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையே இல்லை, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொருத்தரிடமும் அரைமணி நேரம் பேசுவதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. 2018 தீபாவளியை ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்த ஆள், அவ்வளவுதான்.

அத்தானுக்குத் தென்காசிப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை. ஐம்பதைத் தாண்டியவர், பல வருஷமாகச் சுகருக்கு மாத்திரை போடுகிறவர், மற்றபடி ஏணியில் ஏறி டியூப்லைட் மாட்டுகிற அளவுக்குத் திடமான உடம்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் கடைப்பையன் ஒருத்தன் இருமிக்கொண்டே வேலைக்கு வந்துகொண்டிருந்தான். வியாபாரம் சூடாக இருக்கிற நேரத்தில் லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டொரு நாளில் அத்தானுக்குச் சாயங்காலம் குளிர் எடுத்தது, ராத்திரி 103 டிகிரி காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல், மேலெல்லாம் வலி.

எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் நினைப்பில் வராது. அந்த வருஷம் டெங்குவும் பன்றிக் காய்ச்சலும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டார்கள், ஆன்டிபயாடிக்கும் பாராசிட்டமாலும் எழுதிக் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, தட்டணுக்கள் நன்றாகவே இருந்தன. வீடே பெருமூச்சு விட்டது. அக்கா விட்ட இடத்திலிருந்து முறுக்கு சுடப் போய்விட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நிலவேம்புக் கஷாயமும், எதற்கும் இருக்கட்டும் என்று பப்பாளி இலைச் சாறும் வந்தன. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்ட ஒரே கேள்வி "தட்டணு எவ்வளவு?" அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

அத்தான் கடைக்கு வராவிட்டாலும் போனில் கடை நடத்துகிறவர். ஒயர் சுருள் விலை, சுவிட்ச் விலை, யாருக்கு எவ்வளவு கழிவு என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். தீபாவளிக்கு முந்தின நாள் அப்படித்தான் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து பையனுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்றரை எம்எம் ஒயரு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு மூச்சு. "சுருளு..." இன்னொரு மூச்சு. விலையைச் சொல்வதற்குள் இன்னும் இரண்டு மூச்சு. பையன் அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்துகிறான்.

அக்கா மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், தீபாவளி லீவுக்கு வந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் எண்ணியது நாடியை இல்லை, நெஞ்சு ஏறி இறங்குவதை. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் ஆள் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவாராம், அதனால்தான் இந்த ஏமாற்று வேலை என்று பிற்பாடு சொன்னாள். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணிவிட்டு வெளியே வந்து, "மாமா, முப்பதுக்கு மேல ஓடுது. நகம் லேசா நீலமா இருக்கு. காலையில பாப்போம்னு யாரும் சொல்லாதீங்க, இப்பவே கிளம்பணும்" என்றாள். பெரிய ஆளுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டிய மூச்சு அது. 108-க்கு அடித்தோம்.

டெங்குவில் பல பேருக்கு ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் விட்ட பிறகுதான், அடுத்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து பிரஷர் இறங்கும், வயிறு வலிக்கும், தொடர்ந்து வாந்தி வரும். பன்றிக் காய்ச்சல் போகிற வழி வேறு. அது நுரையீரல் பக்கம் போகிறது, மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சளியில் ரத்தக் கோடு தெரியும், உதடும் நகமும் நீலம் பாயும், ஆள் தூங்கித் தூங்கி விழுவார். தட்டணு இரண்டு லட்சம் இருக்கிறவருக்கும் நுரையீரல் கெட்டுப்போகலாம். ஆகவே டெங்கு இல்லை என்று சீட்டு வந்தால், இது டெங்கு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். வேறு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 86. நல்ல உடம்பில் 95-க்கு மேல் இருக்க வேண்டியது. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்து ஒதுக்கி நிற்கச் சொன்னார்கள். தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்து, இளஞ்சிவப்புத் தண்ணீர் இருந்த குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் மறுநாள்தான் வரும் என்றார்கள், ஆனால் அந்த நிமிஷமே ஓசெல்டாமிவிர் காப்ஸ்யூலைக் கொடுத்துவிட்டார் டாக்டர். ரிசல்ட் வராமல் எப்படி சார் என்று நான் கேட்டதற்கு அவர், "ரிசல்ட் எனக்குக் கணக்கு எழுதத்தான் வேணும், மருந்து அவருக்கு இப்ப வேணும்" என்றார். நான் இந்த வியாதியைப் பற்றிக் கேட்டதிலேயே உருப்படியான வாக்கியம் இதுதான்.

காரணம் அந்த மருந்து வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. ஓசெல்டாமிவிர் வைரஸை நேராகக் கொல்வதில்லை. ஒரு செல்லுக்குள் பெருகிய வைரஸ் அதை விட்டு வெளியேறி அடுத்த செல்லுக்குப் போக ஒரு நொதி தேவை, அந்த நொதியை இது முடக்கிவிடுகிறது. அதனால்தான் முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், நெஞ்சு முழுக்கப் பரவிய பிறகு கொடுத்தால் குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், சுத்தமாக இல்லை என்று சொல்லவில்லை. நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கு இரண்டு நாள் தாண்டிவிட்டாலும் கொடுக்கிறார்கள், அத்தானுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குக் குறைத்து. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு வாந்தியே வரும், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தேவலை. இரண்டாவது நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக் கூடாது.

அப்படியென்றால் காய்ச்சல் வந்த எல்லோரும் இதைப் போட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சகம் இதை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது, எங்கள் வார்டு சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். லேசான காய்ச்சல், இருமல், தொண்டைக் கரகரப்பு இருந்தால் ஏ. இவர்களுக்கு டெஸ்ட்டும் வேண்டாம், டாமிஃப்ளூவும் வேண்டாம், வீட்டில் ஒதுங்கி இருந்து பாராசிட்டமால், கஞ்சி, ஓய்வு. ஆனால் ஒன்றிரண்டு நாளில் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தால் பி, அதில் மருந்து தேவையா என்பதை டாக்டர் முடிவு பண்ணுவார். லேசான காய்ச்சலே என்றாலும் கர்ப்பிணி, 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, 65 தாண்டியவர், சுகர், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல், புற்றுநோய் என்று எதாவது இருப்பவர் என்றால் பி-தான், மருந்து தொடங்கிவிட வேண்டும், டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், பிரஷர் இறங்குவது, நீலம் பாய்வது, குழந்தையென்றால் பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது, இதெல்லாம் சி. சி என்றால் அட்மிஷன். டெஸ்ட் எடுப்பதும் முக்கியமாக இவர்களுக்குத்தான்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் அத்தான் முதல் நாளே பி. சுகர்காரர். கிளினிக்கில் "வேற ஏதாவது வியாதி உண்டா?" என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, வாசலில் நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது கேட்கவும் சொல்லவும் எங்கே நேரம்? அதனால் நான் போன் பண்ணுகிறவர்களிடம் சொல்வது, டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமே "எனக்கு சுகர் இருக்கு", "நான் ஏழு மாசம்", "எனக்கு வீசிங் உண்டு" என்று ஆரம்பியுங்கள். காய்ச்சல் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

டாமிஃப்ளூ 2009-இல் நம் நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகள் வழியாக மட்டும் கிடைத்தது, பிறகு தனி உரிமம் இருந்த சில கடைகளில், 2017-இல் விதியைத் தளர்த்தியதும் சாதாரண மருந்துக் கடைகளிலும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் இப்போது வீட்டில் மிச்சமிருக்கிற நாலு காப்ஸ்யூலைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்கிறார்கள். அரைகுறையாகப் போட்டால் மருந்துக்கு மசியாத வைரஸ் உருவாக வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பது ஒரு பக்கம். மூச்சு வாங்குகிற ஆள் அந்த நாலு காப்ஸ்யூலை நம்பி இரண்டு நாள் வீட்டிலேயே கிடப்பார் என்பது இன்னொரு பக்கம், எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய கவலை.

வீட்டில் அக்கா மருமகள் அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தாள். அத்தானை வார்டுக்குள் கொண்டுபோன கையோடு டாக்டர் வந்து கேட்டது வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா என்பதைத்தான். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வேண்டாம், ஆனால் முன்தடுப்பாகக் காப்ஸ்யூல் எழுதித் தருகிறேன் என்றார். முன்தடுப்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் அம்மா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள். கர்ப்பத்தில் இந்த வியாதி வந்தால் நுரையீரலுக்கு ஏற்கெனவே இடம் குறைவு, எதிர்ப்பு சக்தியும் கொஞ்சம் தணிந்திருக்கும், அதனால் வியாதிதான் ஆபத்து, மருந்து இல்லை என்று டாக்டர் போனிலேயே எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

தெரு எங்களை நடத்திய விதத்தை இரண்டு வரியில் முடித்துவிட முடியாது. ரிசல்ட் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றைக்கே பால்காரர் பாக்கெட்டை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடினார். சுகாதார ஆய்வாளரும் கிராம நர்சும் வீடு வீடாக வந்து யாருக்குக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனார்கள், அது தேவையான வேலை. கூடவே தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோலம் போட்டார்கள், சாயங்காலம் கொசுப்புகை அடித்தார்கள். புகை டெங்குக் கொசுவுக்கு. இந்த வைரஸ் கொசுவில் வருவதில்லை, தெரு மண்ணிலிருந்தும் வருவதில்லை. அடுத்த நாள் ஓடைக்கரையில் திரிந்த பன்றிகளைப் பிடிக்க வண்டி வந்தது. அவற்றை வளர்த்து வயிற்றைக் கழுவுகிற குடும்பங்கள் வண்டிக்குப் பின்னால் ஓடின. ஓடைச் சாக்கடையில் பன்றி திரிவதால் வரக்கூடிய கேடுகள் வேறு இருக்கின்றன, அதற்காகப் பிடித்தால் பிடிக்கட்டும், ஆனால் அத்தானுக்கு வந்த காய்ச்சலுக்கும் அந்தப் பன்றிகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்த வைரஸின் மரபணுத் துண்டுகளில் பன்றி, பறவை, மனிதன் என மூன்று வகை ஃப்ளூவிலிருந்தும் வந்தவை இருக்கின்றன. பன்றிக்குள் கலந்து உருவானது என்பதால் அந்தப் பெயர். 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள், ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. இந்தியாவில் முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாதில், முதல் மரணம் ஆகஸ்டில் புனேயில். மனிதனிலிருந்து மனிதனுக்குத்தான் அது ஊர் ஊராகப் போனது. அந்த நேரத்தில் எகிப்து நாட்டில் இருந்த பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவு போட்டார்கள், லட்சக்கணக்கில். காய்ச்சல் எகிப்துக்குள் வராமலா இருந்தது? வந்தது. பாவம், அவற்றை வளர்த்தவர்கள்தான் பிழைப்பை இழந்தார்கள். வேகவைத்த பன்றி இறைச்சி சாப்பிட்டு யாருக்கும் இது வராது. பன்றிக்கறி பக்கமே போகாத எங்கள் சைவக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று அக்கா ஆஸ்பத்திரியிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைப்பையனின் இருமலைத்தான் அக்கா கேள்விக்குப் பதிலாகச் சொல்ல முடியும், அதுவும் ஊகம்தான், கடைக்கு வந்த ஏதோ ஒரு வாடிக்கையாளராகவும் இருக்கலாம்.

2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வைரஸ் போகவில்லை, வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது. 2015-இல் இந்தியாவில் மட்டும் 42,000 பேருக்கு மேல் உறுதியாகி, 3,000-க்குச் சற்றுக் குறைவாக இறந்தார்கள், ராஜஸ்தானும் குஜராத்தும் அதிகம் அடிபட்டன. இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். டெஸ்ட் எடுப்பது பெரும்பாலும் முற்றியவர்களுக்கு மட்டும், நாலு நாள் இருமிவிட்டு எழுந்து வேலைக்குப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலானோர் மருந்தே இல்லாமல் தேறிவிடுகிறார்கள். சின்ன வயசுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தப்பு. 2009-இல் அறுபது தாண்டியவர்களைவிட இளவட்டங்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வயதானவர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் சுற்றிய, இதே ஹெச்1என்1 வகையைச் சேர்ந்த பழைய வைரஸ்களின் அறிமுகம் உடம்பில் மிச்சம் இருந்தது.

அப்புறம் வாட்ஸ்அப் வைத்தியம். கற்பூரமும் ஏலக்காயும் துணியில் முடிந்து கழுத்தில் மாட்டச் சொல்லி ஒன்று வந்தது, அக்கா அத்தானின் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை நர்ஸ் எடுத்து அக்கா கையிலேயே கொடுத்தார். வெங்காயத்தை வெட்டி அறை மூலையில் வைத்தால் வைரஸை இழுத்துக்கொள்ளும் என்று இன்னொன்று. சாம்பாருக்கு ஆகும் வெங்காயத்தைக் காயவைத்ததுதான் மிச்சம். அன்னாசிப்பூ கஷாயம் கொஞ்சம் சுவாரசியமானது. ஓசெல்டாமிவிர் தயாரிக்க ஆரம்பப் பொருளாக ஷிகிமிக் அமிலம் என்ற ஒன்றை அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து மருந்துக்கு வர ஆலையில் எத்தனையோ ரசாயனப் படிகள் தாண்ட வேண்டும், களிமண்ணைக் கரைத்துக் குடித்தால் வயிற்றுக்குள் செங்கல் சூளை எரியாது. நிலவேம்பு குடிப்பவர்கள் குடிக்கட்டும், நான் சண்டைக்குப் போவதில்லை. கஷாயம் குடித்தாகிவிட்டது என்று டாக்டரைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

ஆன்டிபயாடிக் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, கிளினிக்கில் முதல் நாளே கொடுத்ததால் அத்தானுக்கு ஒரு பலனும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்களே என்று கேட்டால், ஃப்ளூவால் புண்ணான நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியா வரலாம், அதற்குத்தான் அது. காய்ச்சல் குறைந்து தேறுகிற மாதிரி இருந்துவிட்டு மறுபடியும் காய்ச்சலும் இருமலும் ஏறினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும், உடனே காட்ட வேண்டும். வலி ஊசி, வலி மாத்திரை கேட்டு வாங்குவதையும் விடுங்கள். டெங்குவா ஃப்ளூவா என்று தெரியாத நேரத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தப்போக்கு அதிகமாகும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. பாராசிட்டமால் போதும்.

பரவுகிற விதம் இப்போது கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகள், அந்தத் துளி பட்ட கைப்பிடி, செல்போன், பிறகு நம் கை, நம் மூக்கு. தொற்றி ஒன்று முதல் நாலு நாளுக்குள் காய்ச்சல் காட்டும். காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளே அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகத் தொடங்கிவிடும், ஒரு வாரம் வரை போகும், சின்னப் பிள்ளைகளிடமிருந்து இன்னும் கூடுதலாகவும் போகும். ஆகவே மாஸ்க்கை முதலில் போட வேண்டியவர் இருமுகிறவர். வீட்டில் எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு நோயாளியை மட்டும் மூச்சு முட்டுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். தனி அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஜன்னலோரம் படுக்கை, ஜன்னலைத் திறந்து வைப்பது, கவனிக்க ஒரே ஆள், அந்த ஆள் கர்ப்பிணியாகவோ சுகர்காரராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்வது. மழைக் குளிருக்குப் பயந்து எங்கள் ஊரில் ஜன்னலையெல்லாம் சாத்திப் போர்த்திப் படுப்பார்கள், வைரஸுக்கு அதைவிட வசதி கிடையாது. கைக்குச் சாதாரண சோப்பு போதும், வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் சிதைந்துவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது, பேட்டரி போட்டு எடுத்து வையுங்கள். நகப்பூச்சு இல்லாத, சூடான விரலில் மாட்டி, ஒரு நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே நின்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கருவி இல்லையென்றால் அக்கா மகள் செய்த மாதிரி நாடி பிடிக்கிற சாக்கில் மூச்சை எண்ணுங்கள், அல்லது ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் சந்தேகம் கேட்க 104, தூக்கிக்கொண்டு போக 108.

அத்தானுக்கு வென்டிலேட்டர் வரை போகவில்லை. முகத்தில் இறுக்கிக் கட்டுகிற மாஸ்க்கில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தார்கள், அதை அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார், ராத்திரி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு ஆள் உட்கார வேண்டியிருந்தது. சுகர் தாறுமாறாக ஏறி இன்சுலின் போட்டார்கள், வீட்டுக்கு வந்தும் கொஞ்ச காலம் இன்சுலின்தான். வந்த பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், சாப்பாடு இறங்காததும், "மாப்ள, எனக்கு இனிமே கடைய பாக்க முடியாது போலயே" என்ற புலம்பலும் பல வாரம் இருந்தன. இந்தச் சோர்வை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் வியாதி திரும்ப வந்துவிட்டதோ என்று வீட்டில் பயந்து சாகிறார்கள்.

கடைப்பையனைத் தெருவே திட்டியது. அவனுக்கு இரண்டு நாள் இருமலோடு போய்விட்டது, அவன் வேண்டுமென்றா கொண்டு வந்தான்? அத்தான் தேறி வந்ததும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் காய்ச்சல் என்றால் வராதே, சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று சொன்னார். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது, தீபாவளி நேரத்தில் கூட.

தடுப்பூசி பற்றிக் கேட்பவர்களுக்கு: ஃப்ளூ ஊசி என்று கேட்டால் அதிலேயே பன்றிக் காய்ச்சலுக்கும் சேர்ந்துதான் இருக்கும், தனி ஊசி தேட வேண்டாம். வருஷத்துக்கு ஒன்று, ஏனென்றால் வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியின் சக்தியும் குறைந்துகொண்டே வரும். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பாதுகாப்பு தொடங்கும். பக்கத்தில் ஒருத்தருக்கு வந்த பிறகு ஓடிப்போய்ப் போடுவதில் அந்தச் சமயத்துக்குப் பெரிய பலன் இல்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுவதால் அத்தான் ஆவணி, புரட்டாசியிலேயே போட்டுவிடுகிறார். சாதாரணமாகப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசி, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது, கை வலியும் ஒரு நாள் லேசான காய்ச்சலும் வந்து போகும். கர்ப்பிணிகள் போடலாம், போட வேண்டும். ஆறு மாதக் குழந்தை முதல் போடலாம், சின்னப் பிள்ளைகளுக்கு முதல் தடவை ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். நூற்றுக்கு நூறு காக்காது, ஆனால் ஐசியு வரை போகிற வாய்ப்பைக் குறைக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு போய்ப் போடுவதானால், அட்டையில் எந்த வருஷத்து ஊசி என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், ஐஸ் வைத்த பையில் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியதை, வழியில் சொந்தக்காரர் வீட்டில் காபி குடித்துவிட்டு வெயிலில் கொண்டுபோக வேண்டாம். ஃப்ரீசரிலும் வைத்துவிடாதீர்கள், உறைந்துபோனால் அந்த ஊசியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.